பழைய குவார்ட்ஸ் லாக் டியூனரும் புது டிஎஸ்பி டியூனரும்

எழுபதுகளின் கடைசியில் பயனியர், ஒன்கியோ போன்றவர்கள் செய்த வகையான குவார்ட்ஸ் லாக் (பிடித்த நிலையத்தைக் குவார்ட்ஸ் படிகத்தால் நகராமல் பூட்டும்) எஃப்.எம். டியூனர் ஒன்றைக் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் சில வருடங்களாகப் பாவிக்கிறேன். பக்கத்தில், சிக்னலை எண்களாக்கிக் கணக்குப் போடும் டிஎஸ்பி சிப் உள்ள புதியது ஒன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மொட்டைமாடி அன்டெனாதான். எது திறம் என்று கேட்டால், குவார்ட்ஸ் என்ற பெயருக்காகப் பழையதை வாங்க வேண்டாம் என்பேன். இன்றைக்கு மலிவு ரேடியோவுக்குள்ளும் குவார்ட்ஸ் இருக்கிறது.

பழையதன் குமிழைத் தொட்டதும் லாக் விளக்கு அணையும். முள் நடுவுக்கு வரும்வரை திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் விளக்கு திரும்ப எரியும். அதற்குப் பிறகு பெட்டி எவ்வளவு சூடேறினாலும் நிலையம் நகராது. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சுகம் புதியதன் பட்டனில் இல்லை.

ஆனால் அந்த விளக்கை முழுசாக நம்பவும் முடியாது. குவார்ட்ஸ் பிடித்து வைப்பது நிலையத்தைத் தெரிவுசெய்யும் ஒசிலேட்டரை மட்டும்தான். அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும், 10.7 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்யும் டிடெக்டர் கொயில் வயசாகி விலகிவிட்டால், விளக்கு பிரகாசமாக எரியும், செய்தி வாசிப்பவரின் 'ஸ' மட்டும் சீறும். எங்களுடையதும் அப்படித்தான் சீறியது. திருத்துபவர் பிளாஸ்டிக் திருப்புளியால் கொயிலின் உட்கருவைத் துளி திருப்பியதும் சரியாகிவிட்டது. கடற்காற்றுக்கு, குமிழோடு சுழலும் டியூனிங் கண்டென்சரின் தொடுமுனைகளும் கறுக்கும். இடைக்கிடை துப்புரவாக்கத்தான் வேண்டும்.

புதியதில் இந்தத் தலையிடி இல்லை. டிடெக்டர் வேலையைச் சிப் கணக்குப் போட்டே முடித்துவிடுகிறது, விலகுவதற்குக் கொயிலே கிடையாது. சிக்னல் மெலிந்தால் ஸ்டீரியோவைத் தானே மோனோவுக்கு இறக்கி இரைச்சலை மறைத்துவிடும். அது தோற்பது பலமான சிக்னலிடம். கொழும்புக்குள் சக்திவாய்ந்த நிலையங்கள் நெருக்கி நிற்பதால், ஒரு நிலையத்தின் பாட்டு சம்பந்தமே இல்லாத இன்னொரு இடத்திலும் கேட்கிறது. பழையதில் பல அடுக்குக் கண்டென்சர் ஒன்றாகச் சுழன்று, வேண்டாததை வாசலிலேயே வடிகட்டிவிடும். நான் அதை வைத்திருப்பதே இதற்காகத்தான். உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைக்கு மட்டும் இரண்டுமே தடுமாறும். அதற்கு அன்டெனாவைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

புறக்கோட்டையில் பழையது தேடுபவர்கள் முதலில் டயலைப் பாருங்கள். 76 முதல் 90 வரை என்றிருந்தால் ஜப்பான் உள்நாட்டுப் பெட்டி. எங்கள் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு எட்டாது. ரீகண்டிஷன் காருக்குப் போடும், நிலையங்களை அந்த எல்லைக்குள் இறக்கிக் கொடுக்கும் பேண்ட் எக்ஸ்பாண்டரைப் போட்டால் பாட்டு வரும், டயலில் உள்ள இலக்கம் பொருந்தாது. பின்பக்கம் 100 வோல்ட் என்றும் எழுதியிருக்கும். ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபோர்மர் இல்லாமல் எங்கள் 230இல் செருகினால் பெட்டி போய்விடும்.