மனோன்மணீயம் படைப்பெழுத்துப் பயிற்சி ஏடு: 120 ரூபாய்க்கு வாங்கலாமா?

கல்லூரித் தமிழ்த் தாளில் பெ. சுந்தரம் பிள்ளையின் செய்யுள் நாடகமான மனோன்மணீயம் பாடமாக வைத்திருக்கும் பிள்ளைகளைத் திணறடிப்பது படைப்பெழுத்து வினாதான். ‘அமைச்சன் குடிலன் தன் மகனுக்கு எழுதும் கடிதம்’, ‘போருக்கு முந்தைய இரவில் பாண்டிய மன்னன் சீவகனின் நாட்குறிப்பு’, ‘நாடகத்தில் இல்லாத ஒரு களத்தை (காட்சியை) எழுதுக’ என்கிற மாதிரி கேட்டால், கதைச்சுருக்கத்தை நெட்டுருப் போட்டது கைகொடுக்காது. இதற்கென்றே 64 பக்கத்தில் ஒரு பயிற்சி ஏடு மதுரையில் கல்லூரிகளை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் போட்டுத் தொங்குகிறது. அட்டையில் தொகுத்தவர் பெயரும் கிடையாது, பதிப்பகப் பெயரும் கிடையாது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். 9ஆம் பக்கத்து அட்டவணைக்கு மட்டுமே பாதி விலை தரலாம். இடப்பக்கம் பாத்திரங்கள், மேலே 5 அங்கங்கள். ஒவ்வோர் அங்கமும் முடியும்போது யாருக்கு என்ன தெரியும் என்று கட்டத்துக்கு இரண்டு வரி. மதிப்பெண் வருவதும் போவதும் இங்கேதான். கனவில் கண்டவன் யார் என்று சீவகன் மகள் மனோன்மணிக்குத் தெரியாது. சேரன் புருடோத்தமனுக்கும் அதே கதிதான். கனவில் வந்தவள் பாண்டியன் மகள் என்று தெரியாமலேதான் பாண்டியன் மேல் படையெடுத்து வருகிறான். சேரனிடம் மணத்தூது போன குடிலன் மகன் பலதேவன் அங்கே நாஞ்சில் நாட்டுக்கு வம்பு வளர்த்தான் என்பதற்குப் பின்னால் குடிலன் இருப்பது சீவகனுக்குப் புரிவதில்லை. அரசனின் குரு சுந்தர முனிவர் அமைத்த ரகசியச் சுரங்கமோ, முனிவரே வாய் திறக்கும்வரை அரசனுக்கும் தெரியாது. 20 களங்களையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துவிட்டால், எந்தப் பாத்திரத்தைக் கொடுத்தாலும் எழுதலாம்.

வேடிக்கை என்னவென்றால், ஏட்டின் மாதிரி விடைகளை எழுதியவர் அந்த அட்டவணையைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. 31ஆம் பக்கத்தில் மூன்றாம் அங்கத்து மனோன்மணியின் நாட்குறிப்பு ‘என் அன்புப் புருடோத்தமரே’ என்று தொடங்குகிறது. முன்பின் தெரியாதவனைப் பெயர் சொல்லி அழைத்தாயிற்று. விடை எவ்வளவு அழகாக இருந்தாலும், நாடகத்தைப் படித்த திருத்துநர் அந்த முதல் வரியிலேயே சிவப்பு மையை எடுத்துவிடுவார்.

குடிலன் கடிதம் இன்னும் மோசம். ‘அரியணையைக் கைப்பற்ற நான் திட்டமிட்டிருப்பதை நீ அறிவாய்’ என்று மகனுக்கு எழுதுகிறான். குடிலனாவது, இதை ஓலையில் எழுதுவதாவது! வழியில் அரசனுக்கு விசுவாசமான நாராயணன் கையில் சிக்கினால் தலை போய்விடும். தனிமொழி என்றால் மனதைத் திறந்து காட்டலாம், அங்கே கேட்க ஆள் இல்லை. கடிதம் என்றால் மறைத்துப் பேச வேண்டும். ‘மன்னர் மணத்தைப் பேசச் சொன்னார். நீ நாட்டின் மானத்தை முதலில் பேசு. மணம் தானே வரும்’ என்று எழுதினால் போதும், வஞ்சகம் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும். ஒரே செய்தியைத் தனிமொழியாக 10 வரி, கடிதமாக 10 வரி எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஏட்டில் இது இல்லை.

காலமும் இடமும் அடுத்த ஓட்டை. சீவகன் ‘இரவு பத்து மணி’ என்று குறிக்கிறான். இரண்டாம் யாமம் என்று இருக்க வேண்டும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஏழரை நாழிகை ஒரு யாமம், அதாவது 3 மணி நேரம். இவ்வளவு தெரிந்தால் சமாளிக்கலாம். இன்னொரு விடையில் கோட்டை மாடத்தில் வைகைக் காற்று வீசுகிறது. குடிலன் பேச்சைக் கேட்டுச் சீவகன் தலைநகரை மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு மாற்றியதுதானே கதையின் தொடக்கம்? அங்கே வீசினால் பொருநை, அதாவது தாமிரபரணிக் காற்றுதான். நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஆசையில் மகாலையும் சித்திரைத் திருவிழாவையும் கொண்டுவந்து செருகுவார்கள். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டுக்காரர், இந்தப் பாண்டியன் அவரைப் பார்த்திருக்க முடியாது. மதுரையை எழுதத்தான் வேண்டுமென்றால் விட்டுவந்த ஊராக எழுதலாம். தோற்றுப்போன இரவில் சீவகனுக்கு அது நினைவுக்கு வந்தால் விடைக்கே கனம் கூடும்.

‘இரண்டு வரி செய்யுள் சேர்த்தால் கூடுதல் மதிப்பெண்’ என்று 22ஆம் பக்கத்தில் ஓர் ஆலோசனை. கேட்காதீர்கள். நாடகம் பெரும்பாலும் ஆசிரியப்பாவில் நடக்கிறது என்பதற்காகப் பரீட்சை ஹாலில் சீர் எண்ணிக்கொண்டிருந்தால் நேரம் போகும், தளையும் தட்டும். செய்யுள் கேட்காத வினாவுக்குத் தெளிவான உரைநடை போதும்.

நேரக் கணக்கிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. 250 சொல் எழுத 40 நிமிடம் ஒதுக்கி, அதில் 15 நிமிடத்தைத் திட்டமிடவே தருகிறார்கள். 7 நிமிடம் போதும்: யார் பேசுகிறார், எந்தக் களத்துக்குப் பிறகு, யாரிடம், எதை மறைக்கிறார் என்று நான்கு குறிப்பு. எழுத 28, திருப்பிப் பார்க்க 5. எழுதி முடித்ததும் முதல் பத்தியைப் பாருங்கள். ‘நான் பாண்டிய மன்னன் சீவகன்’ என்று இருந்தால் அடித்துவிடலாம். தன் நாட்குறிப்பிடம் யாரும் தன்னை அறிமுகம் செய்துகொள்வதில்லை.

புதிய களம் எழுதும் பகுதி, 49 முதல் 56 வரை, உருப்படியாக இருக்கிறது. இரண்டே பாத்திரம், 12 பேச்சு, ஒருவர் எதையோ ஒளிக்க வேண்டும், அடைப்புக்குறிக்குள் மூன்று குறிப்புக்கு மேல் கூடாது என்கிற கட்டுப்பாடு அருமை. வாணியும் சகடரும் பேசும் பயிற்சியைத் தவறவிடாதீர்கள்: நடராசனை விரும்பும் மகள், பலதேவனுக்குக் கட்டிவைக்கத் துடிக்கும் அப்பா. அப்பாவிடம் வாணி எவ்வளவு மரியாதையாக மறுக்கிறாள் என்பதில்தான் களம் நிற்கும்.

தாள் மெலிசு, ஜெல் பேனா மறுபக்கம் ஊறுகிறது. 250 சொல்லுக்கு 10 கோடுதான் போட்டிருக்கிறார்கள், சாதாரணக் கையெழுத்துக்கு 30 வேண்டும். தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாடகத்துக்குள் வரும் கிளைக்கதையான சிவகாமி சரிதத்தை ஏடு தொடவே இல்லை. மூலத்தைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும். 1891இல் வந்த நூல், மதுரைத் திட்டத்தின் (Project Madurai) இணையத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கிறது.

வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். ஸ்பைரல்தானே, 31 முதல் 48 வரை இருக்கும் மாதிரி விடைகளை உருவித் தனியே வைத்துவிட்டு மீதியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கடைசி வாரத்தில் அந்தப் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்து, 9ஆம் பக்கத்து அட்டவணையை வைத்துக்கொண்டு தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம்.