2000 வாட்ஸ் ஜெனரேட்டர்ல வீட்டு ஹீட்டிங் ஓடுமா? ஓடுது, ஆனா மொத நாள் ஓடல

போன குளிர்காலத்துல ரெண்டு நாள் கரண்ட் இல்லாம எல்லாரும் ஒரே ரூம்ல போர்வைக்குள்ள சுருண்டு கிடந்தோம், அந்த கடுப்புல வாங்குனதுதான் இந்த இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். பேருதான் 2000, அது மோட்டார் மாதிரி எதாவது கிளம்புற நேரத்துக்கு மட்டும், தொடர்ந்து குடுக்குறது 1600 வாட்ஸ்தான்.

கேஸ் ஃபர்னஸ் (கேஸ எரிச்சு வீட்ட சூடாக்குற மெஷின்) இருக்குற வீட்டுக்கு இது போதும். சூடு கேஸ்ல வருது, கரண்ட் சூடான காத்த தள்ளுற ப்ளோயர் மோட்டாருக்கும் கன்ட்ரோல் போர்டுக்கும் தீ பத்த வைக்குற இக்னைட்டருக்கும்தான், எங்களுது ஓடும்போது 600 வாட்ஸ் கிட்ட எடுக்குது. கரண்ட்லயே சூடு பண்ற ஹீட்டிங்னா மறந்துடுங்க, ஒரு சின்ன ரூம் ஹீட்டரே 1500 முழுங்கிடும்.

எலக்ட்ரீஷியன் ஏற்கனவே ஃபர்னஸ் லைன பிரிச்சு பிளக் வச்சு குடுத்திருந்தாரு, சரின்னு தடிமனான எக்ஸ்டென்ஷன் கார்டுல சொருகி டெஸ்ட் பண்ணேன். இக்னைட்டர் சிவந்துச்சு, பர்னர் நீலமா குப்புனு பிடிச்சுது, நாலஞ்சு செகண்ட்ல பொசுக்குனு அணைஞ்சுடுச்சு. மறுபடி பிடிக்குது மறுபடி அணையுது, கொஞ்ச நேரத்துல அதுவே லாக் ஆகி சிவப்பு லைட்டு மினுக்க ஆரம்பிச்சுடுச்சு. ஜெனரேட்டர் டப்பான்னு முடிவு பண்ணி திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியெல்லாம் தேடி எடுத்தாச்சு!

அப்புறம் அந்த எலக்ட்ரீஷியன்தான் வந்து பாத்தாரு. தீ எரியுதான்னு பாக்குற சென்சார் கம்பி, தீ வழியா எர்த்துக்குப் போற ரொம்ப சின்ன கரண்ட வச்சுதான் கண்டுபிடிக்குமாம், இந்த மாதிரி ஜெனரேட்டர்ல நியூட்ரலும் எர்த்தும் தனித்தனியா நிக்குறதால அந்தப் பாதை முழுசாகல, தீ எரிஞ்சாலும் போர்டு இல்லைன்னு நெனச்சு கேஸ மூடிடுது. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்த ஒரு பிளக்க ஜெனரேட்டரோட இன்னொரு சாக்கெட்ல சொருகுனாரு, அவ்ளோதான், அதுக்கப்புறம் பிடிச்ச தீ பாதியில அணையவே இல்ல. (டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச், அதாவது வீட்டு லைன மெயின்ல இருந்து ஜெனரேட்டருக்கு மாத்துற ஸ்விட்ச், வச்சு வீட்டு வயரிங்கோட சேர்க்குறவங்க இத நீங்களா பண்ணாதீங்க, அங்க கணக்கே வேற.) இத கம்பெனிக்காரன் பெட்டி மேல பெருசா போட்டிருக்க வேணாமா? மேனுவல்ல எறும்பு சைஸ் எழுத்துல அரை வரி இருக்கு.

மத்தபடி குறை சொல்ல முடியாது. லோடு கம்மியா இருந்தா இன்ஜின் வேகத்த குறைக்குற ஈகோ மோட்ல சத்தம் கம்மி, ஃபர்னஸ் நின்னு நின்னு ஓடுறதால 4 லிட்டர் டேங்க் கிட்டத்தட்ட ராத்திரி முழுக்க தாங்குது. பெட்ரோல் ஊத்த விடியக்காலம் எந்திரிச்சு, ஆஃப் பண்ணி, அது ஆறுற வரைக்கும் குளிர்ல நிக்கணும், அது ஒண்ணுதான் கொடுமை.

கேரேஜ் கதவு தொறந்திருக்குல்லன்னு மட்டும் உள்ள வச்சு ஓட்டிடாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. நான் வீட்ட விட்டு 20 அடி தள்ளி, எக்ஸாஸ்ட் வெளிப்பக்கம் பாத்த மாதிரி வச்சிருக்கேன், உள்ள அலாரமும் இருக்கு. ஒரு ஸ்டார் குறைச்சது அந்த அரை வரிக்குத்தான்.