விஞ்ஞானிக்கு விக்கிப்பீடியா பக்கம்: எந்த அளவுகோல்?

ஆங்கில விக்கிப்பீடியாவில் பொது விதிப்படி, ஒருவருக்குப் பக்கம் வேண்டுமென்றால், அவரோடு தொடர்பில்லாத நம்பகமான வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். விளம்பரப் பக்கங்களைத் தடுக்க இது உதவும், சரி. ஆனால் ஆய்வகத்துக்குள் இருப்பவரைத் தேடி நிருபர் எங்கே வருகிறார்? அதனால் எனக்கு அங்கே தனியாக உள்ள கல்வியாளர் விதிதான் நியாயமாகப் படுகிறது: துறையில் பெரிய தாக்கமோ, பெயர்பெற்ற அறிவியல் சங்கம் சிலரை மட்டும் தேர்ந்து தரும் ஃபெலோ என்ற உயர் உறுப்பினர் தகுதியோ ஒன்று இருந்தாலே போதும்.

இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்டைப் பாருங்கள். லேசர் துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, அப்புறம் சுருக்கும் உத்தியை 1985-இல் ஜெரார் மூரூவுடன் வெளியிட்டவர். 2013-இல் ஆப்டிக்கல் சொசைட்டி என்ற ஒளியியல் சங்கத்தின் தலைவர். கல்வியாளர் விதிக்கு இதுவே தாராளம். அப்படியும் 2018 மே மாதம் அவரைப் பற்றிய வரைவு, சான்றுகள் போதவில்லை என்று திருப்பப்பட்டது. அக்டோபர் 2-ஆம் தேதி இருவருக்கும் நோபல் அறிவித்தார்கள். அன்றுதான் அவருக்குப் பக்கம் வந்தது. மூரூவுக்கு ஏற்கெனவே இருந்தது.