தேன்பழ மரமும் அதன் அடியில் குடியிருக்கும் செடிகளும்: எட்டு ஆண்டு அனுபவம்

2017 ஆடியில் புதுக்கோட்டை வீட்டு வாசலில் ஒரு தேன்பழக் கன்றை நட்டேன். சர்க்கரைப்பழம், சிங்கப்பூர் செர்ரி என்றெல்லாம் சொல்வதும் இதைத்தான். பெயரில்தான் சிங்கப்பூர், பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. அழகுக்கும் நிழலுக்கும் என்று வைத்த முழங்கால் உயரக் கன்று, அடுத்த ஆடிக்குள் என் தலையைத் தாண்டிக் காய்த்தும்விட்டது. எங்கள் சரளைச் செம்மண்ணில் வேறெந்த மரமும் இப்படி அவசரப்பட்டதில்லை.

வெள்ளைப் பூ காலையில் கிளைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். மாலைக்குள் இதழ் உதிர்ந்துவிடும். பிறகு காம்பு மெல்ல வளைந்து இலைக்கு அடியில் போய்விடும். காய் அங்கேதான் தொங்கிச் சிவக்கும். அதனால் நின்று பார்த்தால் பழமே இல்லாததுபோல் தெரியும். குனிந்து அண்ணாந்து பார்க்கும் குழந்தைகளுக்கு எல்லாம் தெரியும்.

சீக்கிரம் வளரும் மரத்துக்கு வலு குறைவு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அதை இடுப்பு உயரத்தில் முறித்துப் போட்டது. கட்டையைத் தோண்டி எடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் மரம் விழுந்து கிடந்த நேரம். அதற்குள் கட்டையே துளிர்த்துவிட்டது. இன்று நிற்பது அந்தத் துளிர்களில் நான் விட்டுவைத்த மூன்று.

அடியில் நட்டவற்றில் தக்காளியும் கத்தரியும் வெயில் போதாமல் குச்சியாக நீண்டு வீணாயின. மஞ்சள் நன்றாக வந்தது. ஆடியில் நட்டுத் தைப்பொங்கலுக்குக் கொத்தோடு பிடுங்கினோம். ஆனால் குடை அடர்ந்த பிறகு கிழங்கு விரல் பருமன்தான். இப்போது மஞ்சளை நிழலின் விளிம்புக்குத் தள்ளிவிட்டேன். கனகாம்பரத்துக்கு அந்த அரைநிழல் அப்படிப் பொருந்திப்போனது. ஆரஞ்சு நிறப் பூ இல்லாத நாள் குறைவு. ஒரே தொல்லை, பிசுபிசுப்பான தேன்பழ இலை உதிர்ந்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை தட்டிவிட வேண்டும். தட்டிய சருகை அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடுகிறேன்.

நான் செய்த பெரிய தவறு, பத்தடி தள்ளிக் கொய்யா வைத்தது. தேன்பழம் ஆண்டு முழுக்க ஏதாவது காய்த்துக்கொண்டே இருப்பதால் பழத்துக்குள் முட்டையிட்டுப் புழு வைக்கும் பழ ஈக்கு அது நிரந்தரச் சத்திரம். அங்கே பெருகிக் கொய்யாவுக்கு வந்துவிடும். ஆண் ஈக்களை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு தொங்கவிட்டேன். ஆண் ஈக்கள் குவிந்து செத்தன. கொய்யாவுக்குள் புழு குறைந்தபாடில்லை. தினமும் உதிர்ந்த பழத்தைக் கூட்டி அள்ளினால் ஓரளவு அடங்கியது. தினமும் கூட்டுவது யார்?

இரவில் வௌவால் வரும். மணல்போன்ற விதையோடு அது தெளித்துவிட்டுப் போவதை வெள்ளைச் சுவரிலிருந்து தேய்த்து எடுத்தவருக்குத்தான் அந்த வேதனை புரியும். துணிக்கொடியைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டோம். விடிந்தால் மைனா, சின்னான், கட்டைவிரல் அளவே உள்ள ஒரு சாம்பல் நிறக் குருவி. அவற்றுக்காகச் சுவரை மன்னித்துவிட்டேன்.

இடமிருந்தால் வையுங்கள், சுவரையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் விட்டுத் தள்ளி வையுங்கள். கொய்யாவை விரும்புகிறவர்கள் வைக்கவே வேண்டாம்.

சென்ற மாசியில் கொய்யாவை வெட்டி, அந்த இடத்திலும் கனகாம்பரம் நட்டேன். அம்மாவுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. பூவை மட்டும் தினமும் பறித்துக்கொள்கிறார். தேன்பழத்தை இன்றுவரை வாயில் வைத்ததில்லை.