கண் அலங்காரம் கலைக்க எது நல்லது: மைசெல்லார் வாட்டரா, இரட்டை அடுக்கு ரிமூவரா, தேங்காய் எண்ணெயா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் கல்யாணம் என்றால், சாயங்காலம் போட்ட கண் அலங்காரம் மண்டபத்துப் புழுக்கத்தில் விருந்து முடியும்வரை நிற்க வேண்டும். அதனால் எல்லாரும் வாங்குவது வாட்டர்ப்ரூஃப். போட்டது ஒட்டிக்கொண்டு நிற்கும்தான். வீட்டுக்கு வந்து கலைக்கும்போதுதான் தலைவலி.

வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவில் மெழுகும், இமை முடியைச் சுற்றிப் படலமாக இறுகும் பாலிமரும் இருக்கின்றன. வெறும் தண்ணீருக்கு அது மசியாது, எண்ணெய்க்குத்தான் இளகும். இளகாததைக் கையால் தேய்த்தால் மை போவதற்கு முன்னே முடி உதிரும். இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, சுமார் அரை மில்லிமீட்டர்தான். தினமும் தேய்பட்டால் சிவந்து, போகப் போகக் கறுத்துவிடும்.

மைசெல்லார் வாட்டரில் இருப்பது தண்ணீரும் மென்மையான அழுக்குநீக்கியும். வேலைக்குப் போடும் சாதா காஜல், ஐலைனர், ஐஷேடோவுக்கு இது தாராளமாகப் போதும். வாட்டர்ப்ரூஃபுக்கு இதை எடுத்தால் பஞ்சு மேல் பஞ்சாகத் தீரும், கண் எரியும், மஸ்காரா பாதி அப்படியே நிற்கும். ‘கழுவத் தேவையில்லை’ என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் கண்ணைச் சுற்றித் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். காயும் மிச்சம்தான் பலருக்கு உறுத்துகிறது.

இரட்டை அடுக்கு ரிமூவர்தான் வாட்டர்ப்ரூஃபுக்கு முதல் தேர்வு. மேலே எண்ணெய், கீழே தண்ணீர். இரண்டும் ஒரே நிறமாகும்வரை நன்றாகக் குலுக்கி, உடனே பஞ்சில் ஊற்ற வேண்டும். குலுக்கிவிட்டுப் பஞ்சைத் தேடப் போனால் திரும்பவும் பிரிந்துவிடும். மேலே நிற்கும் எண்ணெய் மட்டும் பஞ்சில் வழியும். நனைத்த பஞ்சை மூடிய இமைமேல் வைத்து, அழுத்தாமல் 20 முதல் 30 விநாடி பிடியுங்கள். முக்கால்வாசி வேலை இந்தக் காத்திருப்பில்தான் நடக்கிறது. பிறகு மேல் இமையிலிருந்து முடி போகும் திசையில் கீழ்நோக்கி ஒரே இழுப்பு, குறுக்கே துடைக்காதீர்கள். முடி வேரில் ஒட்டியிருக்கும் மிச்சத்துக்குக் காட்டன் பட்ஸ். பஞ்சு தட்டையான வட்டமாக இருக்கட்டும். உருண்டைப் பஞ்சின் இழை கண்ணுக்குள் போகும். கடைசியில் ஃபேஸ் வாஷ் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும்.

தேங்காய் எண்ணெய் கரைப்பதில் அதற்கு இளைத்ததில்லை. ஒரு கண்ணுக்கு மூன்று நான்கு சொட்டு, விரல் நுனியால் ஒரு நிமிடம் மெல்லத் தடவினால் மை வழுக்கிக்கொண்டு வரும். சங்கடம் அதற்கப்புறம்தான். இதில் தண்ணீரோடு கலக்க வைக்கும் பொருள் எதுவும் இல்லை. கிளென்சிங் பாம் என்னும் ஒப்பனை கலைக்கும் எண்ணெய்க் கூழ் தண்ணீர் பட்டதும் பாலாக வெளுத்து ஓடிவிடும். தேங்காய் எண்ணெய் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குள் போனால் பார்வை சிறிது நேரம் மங்கலாகும். முகப்பரு உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. சமையலறைப் போத்தலில் விரல் விடாமல், கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள். மூலிகை போட்ட, வாசனை சேர்த்த தலை எண்ணெய் கண் பக்கமே வேண்டாம். ஏர்கோன் அறையில் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். உள்ளங்கைச் சூடே அதை உருக்கிவிடும்.

கை துடைக்கும் வெட் டிஷ்யூவை இந்தப் போட்டியிலேயே சேர்க்க வேண்டாம். வாசனைப் பொருளும் உராய்வும் சேர்ந்து கண்ணைக் கெடுக்கும்.

இமை முடி ஒட்டியவர்களுக்குக் கணக்கு தலைகீழ்: எண்ணெய் பசையை இளக்கிவிடும் என்பதால் எண்ணெயில்லாத மைசெல்லார் வாட்டரைக் காட்டன் பட்ஸில் தொட்டு, ஒட்டிய இடத்தைத் தவிர்த்துத் துடையுங்கள். முடியைச் சுற்றிக் குழல்போல் படியும் டியூபிங் மஸ்காராவுக்கு எண்ணெயே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் சின்னச் சின்னக் குழலாகக் கழன்று வரும். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கையைக் கழுவி முதலில் அதைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் ரிமூவர்.

கீழிமையின் உள்விளிம்பில் இழுத்த காஜலைப் பட்ஸால் தோண்டாதீர்கள். வெளிப்பக்கம் துடைத்தால் போதும். மிச்சத்தைக் கண்ணீரே ஓரத்துக்குத் தள்ளும். காலையில் ஈரப் பஞ்சால் அந்த ஓரத்தில் ஒற்றி எடுக்கலாம்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாகக் கிடைக்கிறது என்று பாட்டில் எடுப்பவர்கள் ஒன்று பாருங்கள். மலேசியாவில் ஒப்பனைப் பொருளை விற்பதற்கு முன் என்பிஆர்ஏ என்னும் அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்புக்கு அறிவித்து எண் வாங்கியிருக்க வேண்டும். ‘என்ஓடி’ என்று தொடங்கி ‘கே’ என்று முடியும் அந்த எண்ணை அவர்களது இணையப் பக்கத்தில் தேடலாம். திறந்த டப்பா படத்துக்குள் ‘6எம்’ என்றிருந்தால் திறந்ததிலிருந்து ஆறு மாதம்தான். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.