சீருடைப் பையனும் சுத்தியல் பையனும்

நாஜி ஜெர்மனியைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கதை கொடுப்பதென்றால், அடிபட்ட குழந்தையின் கதையைத்தான் எடுத்து நீட்டுகிறோம். அடித்தவர்கள் பக்கம் வளர்ந்த குழந்தை எப்படிக் கெட்டுப்போனது என்று சொல்கிற நாவல்கள் குறைவு. சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிறுதோறும் நாங்கள் கூடும் வாசிப்பு வட்டத்தில் அப்படி இரண்டை எடுத்துக்கொண்டோம். ஆங்கிலப் பிரதியைப் பார்த்து நான் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன்.

முதலாவது, ஜான் பாய்ன் 2015-இல் எழுதிய 'தி பாய் அட் த டாப் ஆஃப் த மவுண்டன்'. பாரிஸில் பிறந்த பியரோவுக்கு ஏழு வயது. அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர, 1936-இல் அத்தையிடம் வருகிறான். அத்தை வீட்டு நிர்வாகம் பார்ப்பது மலைமேல் இருக்கும் ஹிட்லரின் பெர்க்ஹாஃப் மாளிகையில். பியரோ என்ற பெயர் பீட்டர் ஆகிறது. பாரிஸில் உயிராக இருந்த யூத நண்பன் ஆன்ஷெல் மெல்ல நழுவிப்போகிறான். சீருடை வருகிறது, அதோடு அதிகாரமும் வருகிறது. கடைசியில் தன்னை எடுத்து வளர்த்த அத்தையையே காட்டிக்கொடுத்துச் சாகவைக்கிறான்.

ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வீடு சட்டென்று பிடிபட்டது. முன்னால் முதலாளி, பின்கட்டில் சமையல்காரி, டிரைவர், வேலைக்காரப் பெண். பையன் சமையற்கட்டில் மிரட்ட ஆரம்பித்ததும், மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் படிக்கும் ஒருத்தி கொதித்துவிட்டாள்: "நேத்து வரைக்கும் அந்தம்மா கையால சாப்பிட்டவன் சார் இவன்!" அதிகாரத்தின் ருசி ஒரு குழந்தையின் நாக்கில் எப்படி ஒட்டுகிறது என்பதை பாய்ன் நன்றாகவே எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே கூட்டத்தில் இன்னொருவன், "ஹிட்லரே பக்கத்துல உட்கார்ந்து பேசினா யாருதான் கெட மாட்டாங்க?" என்றான். அநாதைப் பையன், மலை மாளிகை, தலைவனின் செல்லம் என்று எல்லாமே விதிவிலக்கு. படிக்கிறவன் 'நான் அவன் இல்லை' என்று சுலபமாக ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஹான்ஸ் பீட்டர் ரிக்டரின் 'ஃப்ரீட்ரிக்' (1961) அந்த வழியை அடைத்துவிடுகிறது. இதில் கதை சொல்லும் பையனுக்குப் பெயரே கிடையாது. அப்பா, அம்மா நல்லவர்கள். அதே கட்டடத்தில் குடியிருக்கும் யூதப் பையன் ஃப்ரீட்ரிக்தான் உயிர்த்தோழன். வேலை வேண்டுமென்று அப்பா கட்சியில் சேர்கிறார், அவ்வளவுதான். யூதர்களின் வீடுகளையும் கடைகளையும் தாக்கிய 1938 நவம்பர் கலவரத்தன்று இந்தப் பையன் தெருவில் வேடிக்கை பார்க்கிறான். யூதத் தொழிற்பயிற்சி மாணவர்களின் விடுதிக் கதவைக் கூட்டம் தள்ளுகிறது, இவனும் தள்ளுகிறான். உள்ளே போனதும் கையில் சுத்தியல். கண்ணாடி நொறுங்க நொறுங்க உற்சாகம் ஏறுகிறது. பிறகு அலுத்து, வெறுத்து வீடு திரும்புகிறான். அங்கே ஃப்ரீட்ரிக்கின் வீட்டை வேறு ஆட்கள் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அழுகிறான். கதைப்படி அவன் பிறந்தது 1925. அதாவது பதின்மூன்று வயது, என் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் வயது.

ரிக்டரும் 1925-இல் பிறந்தவர்தான். ஒரு இடத்திலும் அந்தப் பையனைத் திட்டுவதில்லை, மன்னிப்பதும் இல்லை. அன்று வட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சலசலப்பில்லாமல் எங்கள் கூட்டம் கலைவது அபூர்வம்.

டாட் ஸ்ட்ராசரின் 'தி வேவ்' (1981) நாவலையும் சிலர் சிபாரிசு செய்தார்கள். 1967-இல் கலிஃபோர்னியாவில் ரான் ஜோன்ஸ் என்ற ஆசிரியர், சாதாரண ஜனங்கள் எப்படி நாஜிகளின் பின்னால் போனார்கள் என்று காட்ட, அதேபோன்ற ஓர் இயக்கத்தை வகுப்பறையிலேயே நடத்திப் பார்த்த சோதனையிலிருந்து வந்த கதை. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் மாணவர்கள் சீக்கிரமே கெட்டு, கடைசியில் ஆசிரியர் உண்மையை உடைத்ததும் சீக்கிரமே தெளிந்துவிடுகிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ரிக்டரிடம் ஒரு குறை உண்டு. 1942-இல் குண்டுவீச்சின்போது ஃப்ரீட்ரிக் செத்துக் கிடப்பதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. சுத்தியல் தூக்கியவன் அப்புறம் என்ன ஆனான்? அதைக் கேட்கிறவர்களுக்கு பாய்ன்தான் தோது. போர் முடிந்த பிறகும் அவர் பீட்டரை விடாமல் துரத்துகிறார். ஒரே சிக்கல், வளர்ந்த பீட்டர் ஒரு பெண்ணிடம் அத்துமீறப் பார்க்கும் காட்சி அதில் வருகிறது. அதனால் எட்டாம் வகுப்புக்கு ரிக்டர், பத்தாம் வகுப்புக்கு மேல் பாய்ன் என்று பிரித்து வைத்திருக்கிறேன். பெற்றோர் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.