நீல நாக்கு எண்ணிய ஆறு ஆண்டுகள்: வான்கோழிகளுக்குத் தண்ணீரில் தடுப்பு மருந்து

பத்துக் கிலோ வான்கோழியைப் பிடித்து ஊசி போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஐம்பதாவது பறவை வருவதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும். இறக்கையடி வாங்கிய கை இரண்டு நாள் நோகும். அதற்குப் பயந்துதான் ஆறு ஆண்டுகளுக்கு முன் முடிந்த மட்டும் தண்ணீர் வழிக்கு மாறினேன். பிடிக்கிற வேலை ஒழிந்தது. அந்த இடத்தில் தண்ணீரைப் பற்றிய கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் இப்படிக் கொடுப்பவை மூன்று: வெள்ளைக் கழிச்சலுக்கு, இரத்தக் குடல் அழற்சிக்கு, பிறகு கோழிக் காலராவுக்கு. நடுவில் சொன்னதைக் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியால் வரும் ரத்தக் கழிச்சலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வைரஸ் நோய். மண்ணீரலை வீங்கவைத்து எதிர்ப்புச் சக்தியை உடைத்துவிடும். பின்னாலேயே ஈகோலை பாக்டீரியா நுழைந்து மிச்சத்தை முடித்துவைக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குஞ்சின் உடம்பில் இருக்கும்வரை இந்த மருந்து பிடிக்காது. அதனால் நான்கைந்து வாரம் பொறுக்க வேண்டும்.

மூன்றும் உயிருள்ள மருந்துகள், அதாவது வீரியம் குறைந்த உயிர்க்கிருமிகள். கிருமியைக் கொல்லத் தண்ணீரில் நாம் சேர்ப்பதெல்லாம் மருந்தையும் கொல்லும். இது தெரியாதவன் அல்ல நான். ஆனாலும் முதல் ஆண்டில் ஏமாந்தேன். குளோரினை இரண்டு நாள் முன்பே நிறுத்தியாயிற்று, ஆனால் தொட்டிக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த புற ஊதா விளக்கு என் நினைவுக்கே வரவில்லை. அதனால் பாதகம் நேர்ந்ததா என்று சொல்ல முடியாது. அந்தக் கூட்டத்தின் ரத்தப் பரிசோதனை மட்டும் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்று காட்டி என் முகத்தில் கரியைப் பூசியது. இப்போது குளோரின், அமிலம், விளக்கு, வடிகட்டி எல்லாவற்றையும் சுவரில் எழுதிவைத்து, நிறுத்த நிறுத்த ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடிக்கிறேன். காலரா மருந்தின்போது இன்னொன்றும் உண்டு. அது பாக்டீரியா என்பதால் தீவனத்தில் ஆன்டிபயாடிக் இருந்தால் மருந்து வீண்.

தொட்டியில் கலப்பதானால் லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால்தூள் போட்டு, அரை மணி கழித்துத்தான் குப்பியைத் திறப்பேன். அதையும் தண்ணீருக்குள் அமிழ்த்தியே திறக்க வேண்டும். மருந்தை அளவாகக் குழாய்க்குள் செலுத்தும் டோசிங் பம்பு வைத்த பிறகு பால்தூளை விட்டுவிட்டேன். உள்ளே படிந்து அடைக்கிறது. குளோரினை முறிக்கும் நீல நிற மாத்திரைக்கு மாறினேன். இந்த ஆறு ஆண்டுகளில் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான், காரணம் அந்த நீலம்.

குழாயின் கடைசி டிரிங்கரில், அதாவது பறவைகள் குடிக்கும் கிண்ணத்தில், நீலம் தெரியும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டு, அதன் பிறகே, எட்டாமல் தூக்கிவைத்த டிரிங்கர்களை இறக்க வேண்டும். முதல் முறை கடைசிவரை நடந்து போய்ப் பார்த்தபோது அங்கே பளிங்குபோல வெறும் தண்ணீர். குழாயில் முன்பே தேங்கிக் கிடந்ததைத்தான் அந்த மூலைப் பறவைகள் வயிறு நிறையக் குடித்திருந்தன. அதற்கு முந்திய கூட்டங்களில் எத்தனை முறை இப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

குடித்து முடித்ததும் கொட்டகையின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக நூறு பறவைகளைப் பிடித்து அலகைத் திறந்து பார்க்கிறேன். நாக்கின் நுனியும் அடியும் நாவற்பழம் தின்ற பிள்ளையின் வாய்போல இருந்தால் குடித்திருக்கிறது. தொண்ணூறுக்குக் குறைந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது.

மருந்துக்கு முன் தண்ணீரை நிறுத்தித் தாகம் காட்டுவதில் கை பழக வேண்டும். வெயில் நாளில் ஒரு மணி, குளிர்நாளில் இரண்டு மணிக்கு மேல் தண்ணீரை நிறுத்தக் கூடாது. ஒருமுறை பேராசைப்பட்டு மூன்று மணி நிறுத்தினேன். பலசாலிகள் டிரிங்கரை மொய்த்து, பாதியைக் கூளத்தில் கொட்டின. நோஞ்சான்கள் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தன. முதல் நாள் அதே நேரத்தில் எவ்வளவு குடித்தன என்று அளந்துவைத்து, இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவே கலப்பது நல்லது. அந்த இரண்டு மணியும் கொட்டகைக்குள் மெல்ல நடந்துகொண்டே இருங்கள். வான்கோழிக்கு ஆளைக் கண்டால் எழுந்து பின்னால் வராமல் இருக்க முடியாது. படுத்துக் கிடப்பதும் எழுந்து குடித்துவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு கலக்குங்கள். வெள்ளைக் கழிச்சல் மருந்து கண்ணில் தெறித்து ஒரு வாரம் சிவந்த கண்ணோடு அலைந்தவன் சொல்கிறேன்.

ஊசியைப் போல ஒவ்வொரு பறவைக்கும் ஒரே அளவு என்ற உறுதி இதில் கிடையாது. குழாய்க்குள் பாசி பிடித்த பண்ணையில் இதை நம்பி இறங்கவே கூடாது. ஆனால் குடல் அழற்சி மருந்துக்கு இதை விட்டு வேறு வழிக்குப் போக மாட்டேன். குடித்த பறவையின் எச்சத்தில் மருந்திலுள்ள அந்த வைரஸ் வெளியேறி, குடிக்காமல் விட்டவற்றையும் தொற்றி, அவற்றுக்கும் பாதுகாப்புத் தரும். சென்ற கூட்டத்தில் நூற்றுக்கு ஏழு நாக்குகள் வெளிறி இருந்தன. குடல் அழற்சி மருந்து என்பதால் பேசாமல் டிரிங்கர்களைக் கழுவப் போனேன். வெள்ளைக் கழிச்சல் மருந்தாக இருந்திருந்தால் அந்த ஏழும் எந்த மூலையில் நின்றன என்று குழாயைத் தட்டிக்கொண்டே போயிருப்பேன்.